மின்சார லாரியின் கூரையில் சோலார் பேனல்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மின்சார லாரியின் கூரையை மேலிருந்து பார்க்கிறவருக்கு ஓர் ஆசை வராமல் போகாது. இவ்வளவு பெரிய பரப்பு நாளெல்லாம் வெயிலில் காய்கிறதே, நான்கு சோலார் பேனல்களைப் பொருத்தினால் சார்ஜ் போடும் செலவே மிச்சமாகிவிடுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் பிக்கப் வண்டியில் பேனல் வைத்து இரண்டு கோடைகள் ஓட்டிப் பார்த்தேன். லாரி ஓடுவதற்குத் தேவையான மின்சாரத்துக்காகப் பேனல் வாங்காதீர்கள், அது நிற்கும்போது செலவழிக்கும் மின்சாரத்துக்காக வாங்குங்கள் என்பதுதான் அதிலிருந்து எனக்குக் கிடைத்த தெளிவு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை உங்கள் வண்டியின் அளவுகளை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு வார கால கவனிப்பு போதும்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வாட் என்பது வேகம். யூனிட் என்பது அளவு. ஆயிரம் வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் மின்சாரம் வந்தால் அது ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி. பேனல் விற்பவர்கள் வாட்டில் பேசுவார்கள். உங்கள் வண்டி யூனிட்டில்தான் சாப்பிடும். புதிதாக வருகிறவர்களின் குழப்பத்தில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

முதல் படி: கூரையை அளந்து பாருங்கள்

கூரையின் நீள அகலத்தைப் பெருக்கினால் வரும் பரப்பு முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. ஆன்டெனா, விளக்குகள், கேபினின் வளைவு, கதவு திறக்கும் இடம் ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். ஒரு பிக்கப் வண்டியில் கேபின் கூரையும் பின்பெட்டியின் மூடியும் சேர்ந்து சுமார் 4 சதுர மீட்டர் தேறும். சிறிய மூடுபெட்டி வண்டியில் 8 சதுர மீட்டர் வரை கிடைக்கலாம். 13.6 மீட்டர் நீளமுள்ள பெரிய டிரெய்லரின் கூரை ஏறத்தாழ 34 சதுர மீட்டர். அதில் 30 சதுர மீட்டரைப் பயன்படுத்தலாம்.

இன்று கடைகளில் கிடைக்கும் நல்ல பேனல்கள் தம்மேல் விழும் ஒளியில் 20 முதல் 23 சதவீதத்தை மின்சாரமாக மாற்றுகின்றன. சதுர மீட்டருக்கு 210 வாட் என்று வைத்துக்கொண்டால் பிக்கப்புக்கு 840 வாட், பெரிய டிரெய்லருக்கு 6,300 வாட். இந்த எண்கள் ஆய்வகத்தில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில், செல்லின் (பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடு) வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது எடுக்கப்படுபவை. உச்சி வெயிலில் கிடக்கும் லாரிக் கூரையில் அந்த 25 டிகிரிக்கு வாய்ப்பே இல்லை.

இரண்டாம் படி: உங்கள் இடத்து வெயிலைக் கண்டுபிடியுங்கள்

உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் என்ற இலவச வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தொட்டால், தரைக்கு இணையாக வைத்த பரப்பில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை யூனிட் ஒளி விழுகிறது என்பது தெரியும். உலகின் மேகம் அதிகமுள்ள வட பகுதிகளில் அது சதுர மீட்டருக்கு 3 யூனிட்டுக்கும் குறைவு. வறண்ட நிலங்களில் 6 யூனிட்டைத் தொடும். சாய்த்து வைத்த பேனலுக்கான எண்ணை எடுத்துவிடாதீர்கள். வீட்டுக் கூரையில் பேனலைச் சூரியனைப் பார்த்துச் சாய்க்கலாம். லாரியில் அது படுத்தேதான் இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இதனால் பெரிய நட்டமில்லை. அங்கிருந்து தள்ளிப் போகப் போக, முக்கியமாகக் குளிர்காலத்தில், இந்த நட்டம் பெருகும்.

கணக்குக்கு 5 யூனிட், அதாவது 1,000 வாட் ஒளி 5 மணி நேரம் விழுவதற்குச் சமமான அளவு, என்று எடுத்துக்கொள்கிறேன். இது தாராளமான எண்தான். உங்கள் இடத்து எண் குறைவாக இருந்தால் அதையே போடுங்கள்.

மூன்றாம் படி: கழிக்க வேண்டியவற்றைக் கழியுங்கள்

விளம்பரங்கள் தொடாமல் விடும் இடம் இது. ஆகவே இங்கே அவசரம் வேண்டாம்.

வெப்பம் முதலில் வருகிறது. செல்லின் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைகிறது. காற்றோட்டம் இல்லாமல் கூரையோடு ஒட்டிய பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் 12 முதல் 16 சதவீதம் போய்விடும். அதோடு தூசு, பறவை எச்சம், காலை மாலைச் சாய்ந்த ஒளி, ஒயர்களில் கரைவது எல்லாம் சேரும். மொத்தமாக 25 சதவீதம் கழித்தால் நியாயமாக இருக்கும்.

அடுத்தது நிழல். ஒரு பேனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. ஒரு செல்லின்மேல் நிழல் விழுந்தால் அந்தத் தொடர் முழுவதிலும் மின்னோட்டம் தடைபடும். அதைத் தாண்டிச் செல்லப் பைபாஸ் டையோடுகள் வைத்திருப்பார்கள். வழக்கமான பேனலில் மூன்று இருக்கும். அதனால் உள்ளங்கை அளவு நிழல் விழுந்தாலே பேனலின் மூன்றில் ஒரு பங்கு உறங்கிவிடும். வீட்டுக் கூரைக்கு நிழல் வரும் நேரம் முன்கூட்டியே தெரியும். லாரிக்கோ மரம், மேம்பாலம், பக்கத்துக் கட்டடம், சரக்கு இறக்கும் கொட்டகை என்று நாள் முழுக்க நிழல் மாறிக்கொண்டே வரும். ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள்: காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை வண்டி திறந்த வெயிலில் நின்றது எத்தனை மணி நேரம்? என் வண்டி நாளெல்லாம் வெயிலில் நிற்கிறது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். குறித்துப் பார்த்தபோது உச்சி வேளையில் தினமும் இரண்டு மணி நேரம் ஒரு சுவரின் நிழலில் கிடந்தது தெரிந்தது. பிக்கப்புக்கு நிழலால் 30 சதவீதம், திறந்த நெடுஞ்சாலையில் ஓடும் பெரிய லாரிக்கு 15 சதவீதம் கழிக்கிறேன்.

மூன்றாவது, மின்சாரம் பேனலிலிருந்து வண்டியின் பெரிய பேட்டரிக்குள் போய்ச் சேரும் வழியில் வரும் நட்டம். இதற்குப் பின்னால் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது; அதற்குத் தனிப் படி வருகிறது. இப்போதைக்கு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் கன்ட்ரோலரில் (பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் கருவி) 3 சதவீதம், இடைப் பேட்டரியில் 5, இன்வெர்ட்டரில் 10, வண்டியின் சார்ஜரில் 12 என்று போனால், கடைசியில் மிஞ்சுவது 73 சதவீதம்.

நான்காம் படி: கிலோமீட்டராக மாற்றுங்கள்

பிக்கப்: 840 வாட், 5 மணி நேரத்துக்கு 4.2 யூனிட். வெப்பமும் தூசும் போக 3.15. நிழல் போக 2.2. வழி நட்டம் போக 1.6 யூனிட். மின்சாரப் பிக்கப் வண்டிகள் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 யூனிட் எடுக்கின்றன. ஆக, ஒரு முழு நாள் வெயிலுக்கு 5 கிலோமீட்டர் கிடைக்கும். இதே 1.6 யூனிட்டை 50 கிலோவாட் வேகச் சார்ஜர் இரண்டே நிமிடத்தில் கொடுத்துவிடும்.

பெரிய லாரி: 6,300 வாட், 5 மணி நேரத்துக்கு 31.5 யூனிட். வெப்பத்துக்கும் நிழலுக்கும் கழித்தால் 20. தொழிற்சாலையிலேயே உயர் மின்னழுத்தப் பேட்டரியோடு நேராக இணைத்த அமைப்பாக இருந்தால் வழி நட்டம் குறைவு. 18 யூனிட் உள்ளே சேரும். 40 டன் லாரி கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் அளவில் தின்னும். அதனால் 15 கிலோமீட்டர். நாளுக்கு 400 கிலோமீட்டர் ஓடும் லாரிக்கு இது 4 சதவீதம்கூட இல்லை.

இது என் கையாலான கணக்கு மட்டும் இல்லை என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஸ்வீடனின் ஸ்கேனியா நிறுவனம் உப்சாலா பல்கலைக்கழகத்தோடும் வேறு சிலரோடும் சேர்ந்து 2023இல் ஒரு சோதனை லாரியைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 18 மீட்டர் நீள டிரெய்லர், அதன் கூரையிலும் பக்கங்களிலுமாக 100 சதுர மீட்டர் பேனல், உச்சத் திறன் 13.2 கிலோவாட். வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றக்கூடிய ஹைபிரிட் வண்டி அது. ஸ்வீடனின் வெயிலில் இதனால் ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் வரை கூடுதலாக ஓடலாம் என்று நிறுவனம் கணித்தது. 365ஆல் வகுத்தால் நாளுக்கு 14 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பொறியாளர்கள் கூடி, பக்கச் சுவர்களையும் விடாமல் பேனலால் மூடிய வண்டிக்கே இதுதான் பலன்.

சூரிய சக்தியில் ஓடும் கார்கள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். 1987இல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்டுவரை சுமார் 3,000 கிலோமீட்டர் தூரம் நடந்த முதல் உலக சோலார் கார் போட்டியில் சன்ரேசர் என்ற வண்டி வென்றது. ஒருவர் மட்டும் படுத்தாற்போல் அமரும் வண்டி. காற்றைக் கிழிக்கும் வடிவம். சரக்கு ஒன்றும் கிடையாது. லைட்இயர் என்ற டச்சு நிறுவனம் விற்பனைக்குச் செய்த காரிலும் 5 சதுர மீட்டர் பேனல்தான் இருந்தது. கிலோமீட்டருக்கு 0.1 யூனிட் அளவே எடுத்ததால், நல்ல வெயில் நாளில் 70 கிலோமீட்டர் வரை சூரிய ஒளியிலேயே ஓடலாம் என்று அந்த நிறுவனம் சொன்னது. அதன் தயாரிப்பு 2023 ஜனவரியில் நின்றுபோனது. இந்த வண்டிகளில் பேனல் நம்முடையதைவிட மாயமானது ஒன்றுமில்லை. வண்டியின் பசிதான் சிறியது. லாரி சுமக்கப் பிறந்தது. அதன் பசியைக் குறைக்க ஓர் எல்லை இருக்கிறது.

ஆனால் இதே கணக்கில் நம்பிக்கை தரும் ஒரு மூலையும் உண்டு. பேனல் தருவது கூரையின் பரப்பைப் பொறுத்தது. வண்டி எடுப்பது ஓடும் தூரத்தைப் பொறுத்தது. கூரை பெரிதாகவும் ஓட்டம் சிறிதாகவும் இருந்தால் பங்கு ஏறிக்கொண்டே போகும். 8 சதுர மீட்டர் கூரையுள்ள சிறிய மூடுபெட்டி வண்டி, வீடு வீடாகப் பொருள் கொடுத்துக்கொண்டு நாளுக்கு 60 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறது என்றால் அதற்கு 18 யூனிட் தேவை. பேனலிலிருந்து 3 யூனிட் கிடைத்தால் ஆறில் ஒரு பங்கு. இது ஒதுக்கித் தள்ளக்கூடிய எண் அல்ல. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிலையம் 18 டன் மின்சார லாரி ஒன்றில் 3.5 கிலோவாட் பேனலை நேராக உயர் மின்னழுத்த அமைப்போடு இணைத்துப் பார்த்தபோது, தேவையில் 5 முதல் 10 சதவீதம் வரை ஈடுகட்டலாம் என்று சொன்னது.

ஐந்தாம் படி: மின்சாரம் உள்ளே போகும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்

பேனலை வாங்கிவிட்டுப் பிறகு இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் ஏராளம். மின்சார வண்டியின் பெரிய பேட்டரி 400 வோல்ட் அல்லது 800 வோல்ட் அளவில் இருக்கும். வண்டி அணைந்திருக்கும்போது அதற்கும் வெளி ஒயர்களுக்கும் இடையேயான இணைப்பை வண்டியே துண்டித்து வைத்திருக்கும். ஆரஞ்சு நிற உறையுள்ள ஒயர்கள் அதற்குரியவை. அவற்றில் கை வைப்பது உயிருக்கு ஆபத்து. தெரிந்த மெக்கானிக் ஒருவர் "இணைத்துத் தருகிறேன்" என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்படியானால் எஞ்சும் வழி, வண்டியின் சார்ஜிங் துளை. அங்கே ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கிறது. சாதாரண ஏசி (மாறுதிசை மின்சார) சார்ஜிங் விதிமுறையில் வண்டி 6 ஆம்பியருக்குக் கீழே எடுக்காது. 230 வோல்ட்டில் அது 1,380 வாட். உங்கள் பிக்கப்பின் பேனலோ உச்சி வெயிலில்கூட 840 வாட்டைத் தாண்டாது. நேராக இணைத்தால் சார்ஜிங் தொடங்கவே தொடங்காது. அதனால் பேனலுக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு மூன்று யூனிட் கொள்ளும் ஓர் இடைப் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்து, பகலெல்லாம் சேமித்து மாலையில் ஒரேயடியாக ஏற்ற வேண்டும். அந்தப் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் ஆகும் செலவு பேனலின் செலவை எளிதாகத் தாண்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சார்ஜ் ஏறும்போதெல்லாம் வண்டியின் கணினிகளும் குளிர்விப்பு அமைப்பும் விழித்திருந்து, சில நூறு வாட் எடுத்துக்கொள்கின்றன. மெதுவாகச் சார்ஜ் ஏற்ற ஏற்ற, அந்தப் பங்கு கூடும். ஐந்து கிலோமீட்டருக்காக இவ்வளவு பாடு தேவையா என்பது இந்த இடத்தில்தான் முடிவாகிறது. என் பதில், தேவையில்லை.

ஆறாம் படி: பேனலுக்கு ஏற்ற வேலையைத் தேடுங்கள்

ஒன்றரை யூனிட், இரண்டு யூனிட் என்பது சக்கரத்துக்குத்தான் சிறிது. மற்ற வேலைகளுக்கு அது நிறைவான அளவு.

மின்சார லாரியிலும் விளக்கு, பூட்டு, கணினி ஆகியவற்றுக்காகத் தனியாகச் சிறிய பேட்டரி ஒன்று உண்டு. சிறு வண்டிகளில் 12 வோல்ட், பெரிய லாரிகளில் 24 வோல்ட். அது இறங்கும்போது வண்டி பெரிய பேட்டரியை எழுப்பி அதற்கு ஊட்டுகிறது. நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் இந்தச் சிறிய பேட்டரி செத்துப்போனால், பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் கதவுகூடத் திறக்காது. நூறு வாட் பேனல் ஒன்று அதைத் தாராளமாகக் காப்பாற்றும். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இதைவிடச் சிறந்த பயன்பாட்டை நான் கண்டதில்லை.

சரக்கை ஏற்றி இறக்கும் பின்கதவு லிஃப்ட், ஓட்டுநர் கேபினின் மின்விசிறி, சிறிய குளிர்பெட்டி, பெட்டிக்குள் விளக்கு, கண்காணிப்புக் கேமரா, வேலை இடத்தில் கருவிகளின் பேட்டரிகளுக்கு ஏற்றுவது எல்லாம் இந்த அளவுக்குள் அடங்குபவை. நீங்கள் வண்டியிலேயே தங்கி, மின் இணைப்பு இல்லாத இடங்களில் நாள்கணக்கில் நிற்பவராக இருந்தால், பேனலும் இடைப் பேட்டரியும் வண்டியின் ஓட்டத் தூரத்தைத் தொடாமல் உங்கள் சமையலையும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொள்ளும். குளிரூட்டிய டிரெய்லர் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். வெயில் ஏறும் நேரமும் குளிரூட்டி அதிகம் உழைக்கும் நேரமும் ஒன்றாகவே வருவதால், கூரையில் விளைந்ததைச் சேமிக்காமல் அப்போதே செலவழிக்கலாம். வழி நட்டம் மிகக் குறையும் ஏற்பாடு அது.

ஏழாம் படி: வண்டி நிற்கும் இடத்தின் கூரையையும் ஒப்பிடுங்கள்

உங்களுக்குச் சொந்தமாகக் கொட்டகையோ வீட்டுக் கூரையோ இருந்தால், அதே பேனலை அங்கே வைத்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு முறை கணக்கிடுங்கள். சாய்த்து வைக்கலாம், கீழே காற்று போகும், நிழலைத் தவிர்க்கலாம், அதிர்வு கிடையாது, கழுவுவது எளிது. மேலே லாரிக்காக நாம் கழித்தவற்றில் பெரும்பகுதி அங்கே கழியாது. பகலில் வண்டி வெளியே போய்விடுமே என்பது நியாயமான கேள்வி. பகலில் விளைவதை மின்வாரியத்துக்குக் கொடுத்து இரவில் திரும்பப் பெறும் ஏற்பாடு உங்கள் ஊரில் இருந்தால், சிக்கல் தீர்ந்தது. இல்லையென்றால் நிலையான பேட்டரி ஒன்று வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அப்போதும் பெரும்பாலும் கொட்டகையே வெல்லும்.

எட்டாம் படி: பொருத்துவதென்று முடிவு செய்தால்

கண்ணாடிப் பேனல் சதுர மீட்டருக்கு 10 முதல் 12 கிலோ எடை இருக்கும். வளையும் மெல்லிய பேனல் இரண்டு மூன்று கிலோதான். எடையைப் பார்த்து நான் முதலில் மெல்லியதை வாங்கிக் கூரையோடு நேராக ஒட்டினேன். இரண்டாம் கோடையில் அதன் மேல்படலம் பழுப்பேறிக் கொப்புளம் கட்டிவிட்டது. அடியில் காற்று போக வழியில்லாததால் வெந்துபோன பேனல் அது. மெல்லிய பேனல்தான் வேண்டும் என்றால், சில மில்லிமீட்டராவது இடைவெளி தரும் தாங்குதகடுமேல் வையுங்கள். கூரையின் எடை வரம்பை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரம்புக்குள் வருமென்றால் கண்ணாடிப் பேனலே நீடிக்கும்.

காற்றின் பலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 47 கிலோ எடைக்குச் சமம். எதிர்காற்றோடு சேர்ந்து 130 ஆனால் 80 கிலோ. பேனலின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் இந்தப் பலம் அதைப் பெயர்த்துப் பின்னால் வருகிறவர்மேல் வீசிவிடும். முன்விளிம்பை மறைக்கும் சாய்தகடு கட்டாயம் வையுங்கள். அது காற்றின் இழுவையையும் குறைக்கும். பேனல் தருவதைவிட இழுவை அதிகமாகத் தின்றுவிட்டால் எல்லாமே வீண். இணைப்புத் திருகுகளைப் பொருத்திய முதல் வாரத்தில் ஒரு முறையும் பிறகு மாதம் ஒரு முறையும் இறுக்கிப் பாருங்கள்.

கூரையில் துளை போடும் முன், பக்கவாட்டு ஏர்பேக் எங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல பிக்கப் வண்டிகளில் அது கூரையின் ஓரத்திலேயே ஓடுகிறது. உத்தரவாதமும் காப்பீடும் பாதிக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வண்டியின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் கூடியது என்று ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

மின் இணைப்பில் வரிசை முக்கியம். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், பிறகு பேனலை. கழற்றும்போது பேனல் முதலில். ஒளி விழுந்துகொண்டிருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அதை அணைக்க முடியாது. ஆகவே கனமான தார்ப்பாயால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள். ஃபியூஸைப் பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். சிறிய பேட்டரி ஈய வகையா லித்தியம் வகையா என்பதைப் பார்த்துக் கன்ட்ரோலரில் அதற்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. பேட்டரியின் எதிர்முனையில் (மைனஸ்) மின்னோட்டத்தை அளக்கும் உணரி இருந்தால், பேனலின் எதிர்முனை ஒயரை அந்த முனையில் கொடுக்காமல் வண்டியின் உடல் இணைப்பில் கொடுங்கள். இல்லையேல் வண்டி தன் பேட்டரியின் நிலையைத் தவறாகக் கணக்கிடும்.

ஒன்பதாம் படி: முதலில் ஒரே ஒரு பேனல்

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரு சிறிய பேனலும் யூனிட்டைக் காட்டும் கன்ட்ரோலரும் மட்டும் வாங்கி, சிறிய பேட்டரியோடு இணைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். ஆனால் பேட்டரி நிறைந்துவிட்டால் கன்ட்ரோலர் உற்பத்தியை அடக்கிவிடும். அப்போது எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் அளக்கும் நாள்களில் ஒரு மின்விசிறியையோ விளக்கையோ ஓடவிடுங்கள். ஒரு நாளைக்குச் சராசரியாகக் கிடைத்த யூனிட்டைப் பேனலின் வாட்டால் வகுத்து, நீங்கள் வைக்க நினைக்கும் மொத்த வாட்டால் பெருக்குங்கள். நான்காம் படியில் போட்ட கணக்கில் மூன்றில் இரண்டு பங்காவது வந்திருந்தால் அடுத்த பேனலைப் பற்றி யோசிக்கலாம். வரவில்லையென்றால், பேனலைத் துடைத்துவிட்டு, வண்டியை நிறுத்தும் இடத்தை மாற்றி, இன்னொரு மாதம் அளந்து பாருங்கள்.